பத்துக்கு ஏழு

ஒருவன் ஒரு சொல்லை ஏன் சொல்கிறான் என்று அவனிடமே கேட்பது வீண்வேலை. பெருமைக்கு ஒரு காரணம் சொல்வான், இல்லாவிட்டால் தலையைச் சொறிவான். நான் யாரிடமும் கேட்டதில்லை. எண்ணினேன்.

கந்தப்பளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் ஆயுத அறை என் பொறுப்பு. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு ஆண்கள் என் ஜன்னலுக்கு வரிசையாக வருவார்கள். மண்வெட்டி, முள்ளு, கவ்வாத்துக் கத்தி என்று கேட்பார்கள், கொடுப்பேன். கல் பெயர்க்கும் நீண்ட இரும்புக் கம்பிக்கு மட்டும் அவர்களிடம் இரண்டு பெயர்கள் இருந்தன. சிலர் கடப்பாரை என்பார்கள், சிலர் அலவாங்கு என்பார்கள். 1949-இல் ஒரு மழைக்காலத்தில், பேச ஆளில்லாத சலிப்பில், யார் எதைச் சொல்கிறான் என்று ஒரு நோட்டில் கோடு போட ஆரம்பித்தேன். ஆறு வருடம் போட்டேன்.

தோட்டத்துப் பள்ளி வாத்தியார், நல்ல தமிழ்ச்சொல்தான் கடைசியில் நிற்கும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்குச் சொல் என்றால் சாமி. என் நோட்டில் சாமியெல்லாம் இல்லை. திங்கட்கிழமை கடப்பாரை கேட்டவனே புதன்கிழமை அலவாங்கு கேட்டான். வரிசையில் முன்னால் நின்றவன் சொன்னதையே பின்னால் நின்றவன் பெரும்பாலும் சொன்னான். 1951-இல் மூன்று குடும்பங்கள் வேலையை விட்டு விலகல் துண்டு வாங்கிக்கொண்டு டிக்கோயாப் பக்கம் போயின. அந்த வீட்டு ஆண்கள் வாய் ஓயாத கடப்பாரைக்காரர்கள். அந்த வருடம் கடப்பாரை பாதியாகக் குறைந்தது. அடுத்த வருடம் வேறு சிலர் வந்தார்கள், ஏறியது. நாற்பது வாய்களை நம்பியிருக்கும் சொல்லுக்கு நாலு பேர் வண்டியேறினால் கண்டம். சுண்டிவிட்ட காசு விழுகிற மாதிரிதான் சொல்லின் ஆயுசு. இதைக் கண்டுபிடித்தவன் இந்த மலையில் நான் ஒருவன்தான் என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது.

அந்தத் திமிரைக் காட்டச் சோலைமலையின் வழக்கு வந்தது.

சோலைமலை மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவன். இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தான். பத்திரம் எல்லாம் சரி, மூன்று வருடத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அப்போது அவன் வேலை செய்த தோட்டத்தில், வேலையாட்களின் பெயர் பதியும் செக்ரோலைக் கறையான் தின்றுவிட்டதாம். அந்த மூன்று வருடமும் அவன் இங்கேதான் இருந்தான் என்று விசாரணை அதிகாரி நம்பினால் அவன் இந்த நாட்டுக்காரன். நம்பாவிட்டால் எந்த நாட்டுக்காரனும் இல்லை.

நுவரெலியாவில் விசாரணை. எங்கள் செக்ரோலைச் சுமந்துகொண்டு நானும் போனேன். அதிகாரி தமிழ் அறியாத சிங்களவர், நேர்மையானவர் என்று பெயர். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், கழுத்துப்பட்டியைத் தடவுவதே அவருடைய பாதி உத்தியோகம்.

“என்ன வேலை?”

“கான் வெட்டுறதுங்க. கல்லு குறுக்க வந்தா கடப்பாரையில பேத்து எடுப்பேன்.”

மொழிபெயர்ப்பாளர் பேனாவை மூடினார். “என்னாலை? திருப்பிச் சொல்லு.”

“கடப்பாரைங்க.”

“இந்த நாட்டிலை ஆர் அப்பிடிச் சொல்லுறது? அலவாங்கு எண்டெல்லோ சொல்லுறது!” என்றவர் அதிகாரியிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். இது இந்தியச் சொல், அந்த மூன்று வருடமும் இவன் அங்கே இருந்துவிட்டு வந்திருக்கிறான் என்றார். அதிகாரி அதை மரியாதையோடு எழுதிக்கொண்டு ஒரு மாதம் தவணை போட்டார்.

அவன் குடியிருந்த லயத்து வரிசையே அவனுக்கு வாத்தியாராகிவிட்டது. அவன் மனைவி அம்மாக்கண்ணு என் ஜன்னலுக்கு முன்னாலேயே பாடம் நடத்தினாள்.

“வாயத் தொறந்தா அலவாங்கு. தும்முனாலும் அலவாங்கு. வெளங்குதா?”

“தும்முறதுக்கு எதுக்குடி அலவாங்கு?”

“இந்தக் குசும்புதான் ஒன்னையக் கப்பலேத்தப் போவுது.” பிறகு என்னைப் பார்த்தாள். “ஐயா, நீங்க என்னமோ நோட்டுல எழுதுறீங்களாமே. அது இந்த மனுசனுக்கு ஒதவுமாங்க?”

“உதவும்” என்றேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு விரைவாகப் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

இரண்டாம் விசாரணையில் சோலைமலைக்கு வேர்த்துக் கொட்டியது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, “சம்சாரமும் அலவாங்கும்ங்க” என்றான். மொழிபெயர்ப்பாளர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. “சொல்லிக் குடுத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கினம்” என்றார். போன தடவை ஒரு சொல், இந்தத் தடவை இன்னொன்று, ஆகவே பொய்யன். எது சொன்னாலும் தப்பாகிற கேள்வி அது. எழுந்து நேராக ஆங்கிலத்தில் பேசினேன்.

நன்றாகவே பேசினேன். நோட்டைக் காட்டினேன், காசு சுண்டுவதைச் சொன்னேன், வரிசையில் முன்னால் நிற்பவனைச் சொன்னேன். சொல்லை வைத்து ஆளின் ஊரைச் சொல்வது குறிசொல்கிற வேலை என்றேன். மொழிபெயர்ப்பாளரின் முகம் சுருங்கியதை ருசித்தேன். அதிகாரி முன்னால் சாய்ந்து கேட்டார். ஆறு வருடமா, தினமுமா என்று வியந்தார்.

“இந்த மனிதன் மட்டும், பத்துத் தடவையில் எத்தனை தடவை அந்த இந்தியச் சொல்லைச் சொல்கிறான்?”

பக்கத்தைப் புரட்டிப் பெருமையோடு வாசித்தேன். “பத்துக்கு ஏழு.”

ஒரே வாய் இரண்டையும் சொல்லும் என்பதற்கு அந்த மிச்சம் மூன்றுதான் என் வாதம். அதிகாரி ஏழு என்று எழுதிக்கொண்டார். உங்களைப் போலக் கவனமான சாட்சியை நான் பார்த்ததில்லை என்றார். நான் தலை வணங்கி உட்கார்ந்தேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பழனியாண்டி, பத்துக்கு ஒன்பது. மூன்று தலைமுறைப் பத்திரமும் குறைவில்லாமல் வைத்திருந்தவன். போன வருடம் இதே அதிகாரி அவனுக்குப் பிரஜாவுரிமை கொடுத்திருந்தார். அந்த ஒரு வரியை வாசித்திருந்தால் போதும். பாராட்டு காதில் விழுந்ததும் நான் நோட்டை மூடிவிட்டேன்.

“அவரு சிரிச்சு சிரிச்சுப் பேசுனாருங்களே” என்றான் பக்கத்தில் இருந்த சோலைமலை. “நல்லதுதானுங்களே ஐயா?”

நான் பழனியாண்டியின் பக்கத்தில் மூலையை மடித்தேன்.

அன்றே அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். அதுவும் பதினொரு பக்கம். சொற்கள் எப்படி மாறுகின்றன என்ற என் சித்தாந்தத்தில் தொடங்கினேன், பழனியாண்டி ஒன்பதாம் பக்கத்தில்தான் வந்தான். அதிகாரி அதுவரை வாசித்திருக்க மாட்டார்.

மூன்று மாதத்தில் முடிவு வந்தது. மனு தள்ளுபடி. தோட்டத்து உத்தியோகத்தரே ஆறு வருடமாக எழுதிவைத்த கணக்கின்படி என்று காரணம் போட்டிருந்தது. சோலைமலைக்கு அதைத் தமிழில் வாசித்துச் சொன்னதும் நான்தான். அம்மாக்கண்ணு என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை வரிசை வந்தது. அலவாங்கு என்றான் முதலாமவன். இரண்டாமவனும் அலவாங்கு. பத்திரம் வைத்திருந்த பழனியாண்டிகூட என் நோட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு அலவாங்கு என்றான். ஆறு வருடம் நான் சுண்டிப்பார்த்த காசுக்கு ஒரே ராத்திரியில் இரண்டு பக்கமும் தலையாகிவிட்டது. இதற்கு என் சித்தாந்தத்தில் இடமே இல்லை. பயம் என்ற ஒன்று இருப்பதையே நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

கடைசியில் சோலைமலை வந்தான்.

“ஐயா, கடப்பாரை குடுங்க.”

வரிசை திரும்பிப் பார்த்தது. “ஏப்பா, மெல்லமா சொல்லு” என்றான் பழனியாண்டி.

“எனக்கென்னப்பா? என்னையத்தான் எழுதித் தள்ளியாச்சே. இருக்கிறவங்க நீங்க பயந்துக்கங்க.” பிறகு ஜன்னல் பலகையில் இரண்டு கையையும் ஊன்றினான். “நோட்ட எடுங்க ஐயா. இன்னையிலேருந்து பத்துக்குப் பத்து. கோடு போடுங்க.”

நான் கம்பியை நீட்டினேன். அவன் அதை வாங்கவில்லை. நான் பென்சிலை எடுத்துக் கோடு போடும்வரை ஜன்னலை விட்டு நகரவும் இல்லை.