கை போகும் காட்சி

மேக்கப்காரருக்குத்தான் கூச்சமாக இருந்தது. முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லாத பெரியவளின் இடது கையைத் தொடலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு ரப்பர் கையை மாட்டினார். அச்சு அசல் மனிதக் கை. நகத்தடியில் அழுக்குகூட வைத்திருந்தார்கள்.

"வலிச்சா சொல்லுங்கம்மா."

"அதெல்லாம் மரத்துப் போச்சு. பயப்படாம இறுக்கிக் கட்டுங்க" என்றாள் பெரியவள்.

பேய்ப்படம். பாழடைந்த பங்களாவுக்குச் சமையல் வேலைக்கு வருபவளின் கையைப் பேய் பிய்த்து எறிய வேண்டும். நிஜமாகவே கை இல்லாத ஒருத்தி கிடைத்தால் தத்ரூபமாக இருக்கும் என்று தேடியிருக்கிறார்கள். தங்கை சின்னவளோடு வேலை பார்க்கிற ஒருத்தியின் அண்ணன் மூலமாகச் சேதி வந்தது. ஒரு நாள் வேலை. பேய்ப்படப் பைத்தியமான சின்னவள்தான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள்.

டைரக்டர் தன்மையான ஆள். "பேய் இழுத்ததும் கையைப் பாருங்க. பாத்ததும் கத்துங்க. அவ்ளோதாம்மா" என்றார். பேய் இழுத்தது. பெரியவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பவும் எடுத்தார்கள். அப்போதும் அப்படியே நின்றாள்.

"என்னம்மா, கத்தவே மாட்டேங்கறீங்க?"

"வரலைங்க. நிஜமா போனப்பவே நான் கத்தலை."

டைரக்டர் தலையைச் சொறிந்தார். "சரிதாம்மா, ஆனா பாக்கறவங்களுக்கு அது புரியாது. வாயை மட்டும் பெருசாத் திறங்க. சத்தத்தை நாங்க பாத்துக்கறோம்."

வாயைத் திறந்தாள். சத்தத்தைப் பிறகு வேறு யாரோ கொடுத்தார்கள்.

நிஜத்தில் கை போனது கோழிக் கம்பெனியில். அங்கே தலைக்கு மேல் சங்கிலி ஓடும். உரித்த கோழிகள் கொக்கியில் தலைகீழாகத் தொங்கி வந்துகொண்டே இருக்கும். ஒன்றை முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது மூக்குக்கு முன்னால் நிற்கும். கோழி என்ற நினைப்பே மறந்துபோய், ஒரே பொருள் திரும்பத் திரும்ப வருகிற மாதிரிதான் இருக்கும். அறுக்கிற இயந்திரத்தில் ஏதோ எலும்பு சிக்கிக்கொள்ள, தட்டிவிடப் போனாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த நிமிஷத்தில் மனதில் முதலில் ஓடியது, கறியெல்லாம் வீணாகிவிட்டதே, திட்டு விழுமே என்பதுதான். இதைச் சின்னவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். பக்கத்துப் பிரிவில் கறியைப் பொட்டலம் போடும் சின்னவளுக்கு அதைவிடப் பெரிய ஆத்திரம் வேறு: அன்றே மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இயந்திரத்தைக் கழுவி ஓட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அரசாங்க உதவித்தொகை. வீட்டு வாடகை அதிலிருந்து போனது. தங்கை சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்கிறாள் என்று யாரும் பல்லில் போட்டு மெல்ல முடியாது. பெரியவளுக்கு அது போதும்.

படம் வந்ததும் இருவரும் மதியக் காட்சிக்குப் போனார்கள். பகலெல்லாம் செத்த கோழிகளோடு மல்லுக்கட்டுகிற சின்னவள், பேய் வந்தால் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். "அப்புறம் எதுக்குடி இதைப் பாக்கறே?" என்று கேட்டால், "பேய் சும்மா யாரையும் கொல்லாதுக்கா. அதுக்குன்னு ஒரு ஞாயம் இருக்கும். கடைசியில யாராவது உக்காந்து அதோட கதையைக் கேப்பாங்க" என்பாள். கை பறந்தபோது தியேட்டரே அலறியது. பின் வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். சின்னவள் மட்டும் அந்த இடத்தில் முகத்தை மூடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள்.

உதவித்தொகை தரும் நல வாரிய அலுவலகத்தில் வருஷா வருஷம் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். கை முளைச்சிருச்சான்னு பாக்கத்தான், என்று சின்னவள் கிண்டலடிப்பாள். இந்த முறை அதிகாரி கையைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். யாரோ அனுப்பிவைத்த துண்டுப் படம் அதில் ஓடியது.

"இது நீங்கதானே?"

பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். "ஆமாங்க."

"பிரமாதம்மா. பேய்ப்படம்னா நான் ஒண்ணு விடமாட்டேன். எனக்கே தூக்கிப் போட்டுருச்சு." உண்மையாகவே மலர்ந்த முகம். "சம்பளம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

அவர் எதையோ தட்டினார். "நீங்க வேலை செய்ய இயலாதவங்கங்கற பிரிவுல இருக்கீங்க. ஆனா நடிச்சிருக்கீங்க. அப்ப ஏதோ ஒரு வேலை இயலுதுன்னுதானே ஆகுது?"

"கை இல்லாததுக்குத்தாங்க அந்த வேலையே குடுத்தாங்க."

அவர் விரல்கள் நின்றன. அவளைப் பார்த்தார். "புரியுதும்மா. ஆனா அதை எழுதறதுக்கு இதுல இடமில்லை." உதவித்தொகை நிற்கும் என்றார். இவளைப் போன்றவர்களுக்கு வேலை தர ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொல்லி, பெயரையும் சொன்னார்.

"அங்கதாங்க கை போச்சு" என்றாள் பெரியவள்.

"அப்ப பழகின இடம்தான்" என்றார் அவர். சொன்ன பிறகு தானே குனிந்துகொண்டார்.

வீட்டில் சின்னவள் குதித்தாள். "நீ அங்க காலை எடுத்து வெச்சே, நான் மனுஷியா இருக்க மாட்டேன். நான் பாத்துக்கறேன்க்கா. எனக்கு ரெண்டு கை இருக்..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மாட்டேன்னா, வேலையை மறுத்துட்டான்னு ஃபைலை ஒரேயடியா மூடிருவாங்களாம். மேலிடத்துக்கு மனு குடுத்திருக்கேன். பதில் வர்ற வரைக்கும்தான்டி."

"வரலைன்னா?"

பெரியவள் ஒற்றைக் கையால் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தாடையில் இடுக்கி, மார்பில் வைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்தாள்.

கம்பெனியில் அவளை அறுக்கும் பக்கம் விடவில்லை. உயிர்க்கோழிகளை இறக்கும் கூடத்தில் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். அங்கே நீல விளக்கு மட்டும்தான். அந்த வெளிச்சத்தில் கோழிகள் அடங்கிக் கிடக்கும், கொக்கியில் மாட்டுகிறவர்களுக்குச் சுலபம். காலியான பிளாஸ்டிக் கூடைகள் வரிசையாக அவள் பக்கம் நகர்ந்து வரும். எதிலாவது கோழி தங்கிவிட்டதா என்று குனிந்து பார்த்து, இருந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு கை போதும்.

பெரும்பாலும் இறகும் எச்சமும்தான். சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் வந்த ஒரு கூடையின் மூலையில் ஒன்று ஒடுங்கிக் கிடந்தது. கையை விட்டாள். கொத்தவில்லை, சிறகடிக்கவில்லை. விரல்கள் இறகுக்குள் புதைந்தன. இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் குளிர்ந்துபோனதைத்தான் தொட்டிருக்கிறாள். உள்ளங்கைக்கு அடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது.

"என்னம்மா, ஒண்ணு இருக்கா?" மாட்டுகிறவர் திரும்பாமலேயே பின்பக்கமாகக் கையை நீட்டினார்.

பெரியவள் கோழியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னால் வந்த கூடைகள் ஒன்றோடொன்று மோதி ஏறத் தொடங்கின. நீல வெளிச்சத்தில் அந்த விரிந்த கை அவள் முகத்துக்கு நேராகக் காத்திருந்தது.