செம்மநத்தத்துச் சுவரின் வயது

நான்கு வருஷத்துக்கு முன்னால், சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் செம்மநத்தத்தில் சென்னம்மாள் வீட்டு நெற்றியில் 2021 என்று சிமெண்டில் எழுதியவன் நான்தான். பழைய வீட்டுக்கு முன்பக்கம் மட்டும் புதுப்பூச்சு, புதுக்கதவு, மேலே ஒரு கைப்பிடிச் சுவர். அதில் வருஷம், இரண்டு பக்கமும் தாமரை. சேலத்தில் நான் கை வைத்த எல்லா வீட்டிலும் அதே தாமரை உண்டு. வேறு பூ எனக்கு வராது.

அந்த நான்கு இலக்கம் வீட்டுக்கே வினையாகிவிட்டது. மலையில் அனுமதியில்லாத கட்டடங்களைக் கணக்கெடுத்தவர்கள் ரோட்டில் நின்று படம் பிடித்துப் போனார்கள். 2021-இல் கட்டிய வீடு, செங்குத்தான சரிவு, அனுமதி இல்லை, பூட்டி சீல் வைப்போம் என்று நோட்டீஸ் வந்தது. மலைக்கென்று தனி விதி வருவதற்கு முன்பே இருந்த வீடு என்று காட்டினால் விட்டுவிடுவார்கள்.

சென்னம்மாள் போன் செய்தார். "ஏனுங்க இன்ஜினியரு, நாளைக்கு ஆபீஸ்ல இருந்து வர்றாங்களாமா. நீங்க எழுதுனத நீங்களே வந்து படிச்சுக் காட்டிப்போடுங்க."

டிப்ளமோக்காரனான என்னை இன்ஜினியர் என்று அழைக்கும் ஒரே ஆள் அவர். போகாமல் இருக்க முடியுமா?

மறுநாள் வந்த அதிகாரி கீர்த்தனா சின்னப் பெண். என் தாமரையை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் காபிச் செடிகளுக்குள் இறங்கினார். பின்னாலேயே இறங்கிய நான் சருகில் வழுக்கி உட்கார்ந்தேன்.

"உக்காந்தே பாருங்க சார். இங்க இருந்து இந்த ஊடு எத்தனை உசரம்?"

பார்த்தேன். ரோட்டிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே தெரிந்த வீடு, கீழிருந்து பார்த்தால் கருங்கல் அடித்தளத்தோடு இரண்டு மாடி போல நின்றது.

"சேலத்துல எவ்வளவு உசரம்னு கேப்பாங்க. இங்க எங்க இருந்து உசரம்னு கேப்போம்," என்றார். "கீழ ஊர்ல பக்கத்து ஊட்டுக்கு எவ்வளவு இடம் விட்டீங்கங்கறதுதான் பெருசு. இங்க தண்ணிக்கு எவ்வளவு இடம் விட்டீங்கன்னு பார்க்கணும். சரிவு, ஓடை, மரம், எல்லாம் கணக்குல வரும்."

"இந்த விதியெல்லாம் எப்ப இருந்துங்க?" என்றேன்.

"ஒரேடியா வரலைங்க சார். எங்கயாவது ஒரு செவுரு சரிஞ்சிருக்கும், அடுத்து ஒரு விதி வந்திருக்கும்."

இருபது வருஷமாகத் தொழிலில் இருக்கிறேன். அன்றுவரை விதி என்பது பிளானுக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மேலே ஏறி வந்ததும் சென்னம்மாள் பட்டாவை நீட்டினார். கீர்த்தனா பொறுமையாகப் படித்தார். "இது மண்ணுக்குங்க அம்மா. செவுத்தோட வயசு இதுல இல்ல." சென்னம்மாள் அடுத்துக் கரண்ட் கார்டைக் காட்டினார். கரண்ட் வந்ததே விதிக்குப் பிறகுதான்.

"பழைய கதவு நிலவுல சென்சஸ்காரங்க நம்பர் போட்டிருந்தாங்க," என்றார் சென்னம்மாள். "அதைக் கழட்டி வெந்நி அடுப்புல வைக்கச் சொன்னது இன்ஜினியருங்க. நல்லாத்தான் எரிஞ்சுது."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

"இருந்திருந்தாலும் ஒத்துக்க முடியாதுங்க," என்றார் கீர்த்தனா. "நிலவை எங்க இருந்து வேணும்னாலும் தூக்கிட்டு வரலாம். செவுத்தைத் தூக்கிட்டு வர முடியாது."

எனக்காகச் சொன்னாரோ என்னவோ, கொஞ்சம் தெம்பு வந்தது. சென்னம்மாள் ஏதோ யோசித்தார். "செவுத்துலயும் எழுதுனாங்களே. நான் கண்ணாலம் ஆயி வந்தப்ப கதவுக்கு உள்பக்கமாக் கருப்பா இருந்துச்சு. கொசு மருந்து அடிக்க வந்தவங்க தேதி போட்டுட்டுப் போனாங்கன்னு எங்க மாமனார் அம்மாசி நொம்ப நாளா வைவாரு."

நான் அடுப்படியிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்து வந்து கதவுக்கு உள்பக்கச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தேன். முதலில் நான் அடித்த சந்தன நிறம் உதிர்ந்தது. அடியில் ரோஸ்.

"அது எம்மக இலக்கியா பெரியவளான வருசம்," என்றார் சென்னம்மாள்.

அடுத்து நீலம்.

"எலெக்சன்ல மிச்சமான பெயிண்டுங்க. அந்த வருசம் ஊரே நீலம்."

அதன் கீழே சுண்ணாம்பு, பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பூச்சாக, பப்படம் அடுக்கிய மாதிரி வந்தது. கீர்த்தனா ஃபைலைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து குனிந்தார். ஒரு சில்லு தெறித்து விழுந்த இடத்தில் கருப்புக் கோடு தெரிந்தது. தோசைத் திருப்பியைக் கீர்த்தனாவே வாங்கிக்கொண்டு, நகத்தாலும் நுனியாலும் மெல்ல மெல்ல எடுத்தார். சுழித்துப் போட்ட ஒரு கையெழுத்து. கீழே 14, அடுத்து 6, அப்புறம் 78.

மலை விதி வருவதற்குப் பத்து வருஷத்துக்கும் மேல் முந்தியே யாரோ ஒரு மருந்துக்காரர் இந்தச் சுவருக்கு முன்னால் நின்றிருக்கிறார்.

கீர்த்தனா நாலைந்து படம் எடுத்தார். "போதுங்க அம்மா. நோட்டீஸை நிறுத்தி வைக்க எழுதிர்றேன். மேல இருந்து ஒருத்தர் வந்து பார்க்குற வரைக்கும் இந்த இடத்துல வெள்ளை அடிச்சுராதீங்க. மேற்கொண்டு ரூம் கட்டுறதா இருந்தா மட்டும் புது விதிதான், கேட்டுட்டுக் கட்டுங்க."

சென்னம்மாள் தலையாட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார்.

கீர்த்தனா கிளம்புகிற மாதிரி இல்லை. தேதிக்குப் பக்கத்தில் ஒரு மூலையை மறுபடி சுரண்டினார். "இதுக்கும் அடியில ஒண்ணு இருக்குதுங்க சார். காவி மாதிரி. செம்மண்ணாங்க?"

நானும் குனிந்தேன். ஆமாம், காவிதான். அதற்கும் கீழே வைக்கோல் கலந்த மண் தெரிந்தது. இரண்டு பேரும் வந்த வேலையை மறந்து சுரண்டிக்கொண்டிருந்தோம்.

"அம்மிணி," என்றார் சென்னம்மாள். "ஊடு நிக்கணும்னுதானுங்க சொரண்டுனோம்? இன்னம் ஒரு விரக்கடை போனா ரோட்டுல போற பஸ் தெரியும்."

கீர்த்தனா சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். சுண்ணாம்பு படிந்த விரலைத் துடைக்காமலே ஃபைலைத் திறந்து, வீட்டின் வயது என்ற இடத்தில் எழுத ஆரம்பித்தார்.