இரும்புப் பாருக்கு வழி

மூர்த்தி வாசலில் வந்து நின்றபோது வச்சலா சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடங்களில் அவன் இந்த வாசலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

"லோகு இல்லியா?"

"கம்பெனி பஸ்ஸுக்குப் போயிடுச்சு."

தெரிந்துதான் கேட்டான். அவள் புருஷன் கடலை விட்டு மறைமலைநகருக்குப் போல்ட் முடுக்கப் போனதே இவனால்தான்.

குப்பத்தில் முதன்முதலாக ஜிபிஎஸ் வாங்கியவன் லோகு. ஒரு சீசன் முழுக்க மீன் விழுந்த இடங்களின் எண்களை நோட்டில் எழுதி வைத்தான். வலை நிறைந்தது. மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு நாள் மூர்த்தி கரையில் வைத்து அந்தக் கருவியைப் பிடுங்கினான்.

"இன்ஜின் வந்தப்போ சத்தத்துக்கு மீனெல்லாம் இலங்கைக்கு ஓடிடும்னாங்க எங்க தாத்தா. அதுகூடப் பரவால்ல. இது இன்னாடா, குருடனுக்குக் கோலா? கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால லைட்ஹவுஸ் நின்னா கீழ இரும்புப் பார் கீது, வலையைக் கிழிச்சிடும், எறக்காதேன்னு நம்ம வூட்டுப் புள்ளைக்குக்கூடத் தெரியும். உன் டப்பாவுக்குத் தெரியுமா?"

கரையே சிரித்தது.

"கடல்கிட்டயே கேட்டுகினு வரட்டும்" என்று மூர்த்தி கருவியை அலைக்குள் வீசினான்.

அன்றிலிருந்து லோகுவின் பெயர் டப்பா லோகு. பள்ளிக்கூடத்தில் மகள் கவியா டப்பா பொண்ணு. லோகு ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஃபேக்டரிக்குப் போனான். இன்றுவரை பஸ்ஸை விட்டு இறங்கினால் கரைப்பக்கம் வராமல் சுற்றுவழியாகத்தான் வீட்டுக்கு வருகிறான்.

இப்போது மூர்த்தியின் படகில் பெரிய திரை வைத்த ஜிபிஎஸ் இருக்கிறது.

"லோகு எழுதி வெச்ச நோட்டு கீதாமே. வஞ்சிரம் கெடைக்கிற எடம் ஒண்ணு சொல்லேன், தங்கச்சி."

தங்கச்சி! வச்சலா கத்தியை நிறுத்தினாள். அன்றைக்குச் செய்ததைப் பற்றி ஒரு சொல் வருமா என்று காத்திருந்தாள். மூர்த்தி போனைத் திறந்து, எண் அடிக்க விரலைத் தயாராக வைத்துக்கொண்டான்.

அவள் கை கழுவிவிட்டு நோட்டை எடுத்து வந்தாள். லோகு சிவப்பு மையால் சுழித்திருந்தது ஒரே ஒரு வரியைத்தான். அங்கேதான் எப்போதோ மூழ்கிய சரக்குக் கப்பல் துருப்பிடித்துக் கிடந்தது. போகக் கூடாத இடம் என்று குறித்திருந்தான். அந்த வரியை ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள். அவனையும் திருப்பி வாசிக்கச் சொன்னாள்.

"சரியா அடிச்சுக்கோ அண்ணாத்த. ஒரு நம்பர் மாறினாலும் வேற எடத்துக்குப் பூடுவ."

மறுநாள் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. கடலிலிருந்து பார்த்தால் கோபுரமும் லைட்ஹவுசும் பளிச்சென்று தெரிந்திருக்கும். திரையிலிருந்து ஒரு முறை தலையைத் தூக்கினால் போதும், மூர்த்தி தப்பித்துவிடுவான். அந்த வாய்ப்பை அவள் அவனுக்கு விட்டுத்தான் வைத்திருந்தாள்.

பத்து மணிக்குப் படகு கரையேறியது. புது வலையில் கால்வாசிகூடத் திரும்பவில்லை. வந்த பகுதியும் கந்தல். கூட்டம் கூடிவிட்டது.

"நீ குடுத்த பாயிண்டுதான்டி!" மூர்த்தி கத்தினான். "இரும்புப் பார் மேல கொண்டுபோய் வுட்டுட்டியே, படுபாவி!"

கரைக்கு மீன் எடுக்க வந்திருந்த வச்சலா கூடையை இறக்கி வைத்தாள்.

"கோபுரத்துக்குப் பின்னால லைட்ஹவுஸ் நின்னுதே, பாக்கலியா அண்ணாத்த? டப்பாவுக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியுமே?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கரையே சிரித்தது. "டப்பா மூர்த்தி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மூர்த்தி கந்தல் வலையைக் கையில் பிடித்தபடி நின்றான்.

வச்சலா போனை எடுத்து லோகுவைக் கூப்பிட்டாள்.

"ஷிஃப்ட் முடிஞ்சதும் கரை வழியா வா" என்றாள். "சுத்திகினு வராதே."