மாமாவின் குறை நோட்டு

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் வேலை. விளக்குப் போட்ட வெள்ளைத் திரைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து போகும். விரிசல் விட்டது, குமிழி விழுந்தது, கழுத்து கோணியது என்று பார்த்துப் பார்த்து எடுத்துப் போடுவார். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலைதான். "என் கண்ணுல இருந்து எதுவும் தப்பாது" என்று அவர் சொல்லிச் சொல்லி எங்கள் காது புளித்துவிட்டது.

எட்டு மாதத்துக்கு முன்பு அந்தக் கண் வீட்டுப் பக்கம் திரும்பியது. பதினைந்து வயது மகள் மூன்று பாடத்தில் கோட்டை விட்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு டியூப்லைட் என்று பெயர். வைத்தவள் நான்தான். கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள், வேறு என்ன பெயர் வைப்பது? எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கூரியர் ஆபீஸ் புகார் மேசையில் நாள் முழுக்க "சொல்லுங்க சார், கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள், சாயங்காலம் யாரையாவது கிண்டல் பண்ணாவிட்டால் தலை வெடித்துவிடும்.

மாமாவுக்கு முதலில் வந்த சந்தேகம் காதல். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அவர் அகராதியில் வேறு அர்த்தம் இல்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் புத்தகப் பையைக் கொட்டினார். கிடைத்தவை: ஏழு அழிரப்பர், ஒற்றைக் காலுறை, முதல் இரண்டு பக்கம் மட்டும் எழுதிய ஐந்து நோட்டு, நான்கு மாதம் முன்பு நடந்து முடிந்த பெற்றோர் கூட்டத்துக்கான அழைப்பு. காதல் கடிதம் இல்லை. மனிதர் பாவம், ஏமாந்துபோனார்.

அன்றைக்கே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தார். தேதி, நேரம், குறை, நடவடிக்கை என்று நாலு கட்டம். தொழிற்சாலையில் வைத்திருப்பதுபோலவேதான். "தண்ணீர் பாட்டிலைப் பள்ளியில் மறந்தாள், இந்த வாரம் மூன்றாவது." "பத்துக் கணக்கில் ஆறு போட்டாள், மற்ற நான்கு இருப்பதையே பார்க்கவில்லை." "சட்டையைத் தேய்க்கத் தொடங்கி நடுவில் எழுந்து போனாள், சட்டை கருகியது." ஓர் இடத்தில் தவளைகூட வந்திருந்தது. "உயிரியல் நோட்டில் தவளை வரைய மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தாள், சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. நினைத்தால் கவனம் வருகிறது. ஆகவே மற்றதெல்லாம் நடிப்பு." நடவடிக்கைக் கட்டத்தில் முதல் வரியில் "திட்டினேன்." அதற்குக் கீழே எட்டு மாதத்துக்கும் "மேற்படி, மேற்படி, மேற்படி."

எட்டு மாத முடிவில் தீர்ப்பும் வந்தது. படித்துக் கிழித்தது போதும், பள்ளியை விட்டு நிறுத்திவிட்டு, தொழிற்சாலையில் லேபிள் ஒட்டும் பிரிவில் சேர்த்துவிடுவது. மேலாளரிடம்கூடப் பேசிவிட்டார். அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"ஸ்கூலை மட்டும் நிறுத்த வேணாம்மான்னு அழுது கெஞ்சுறா. மாற்றுச் சான்றிதழ் கேட்டா, ஸ்கூல்ல வாராவாரம் ஒரு டாக்டர் வர்றாங்களாம், அவங்களைப் பார்த்துட்டுதான் தருவோம்னு சொல்றாங்க. நீயும் வா. அவர் முன்னாடி எனக்கு வாயே வராது."

எனக்கு வாய் வராத நாள் ஏது? போனேன். பள்ளிக்கூட நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, மாமா, அக்கா, மகள், நான் என்று எங்களுக்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலி. டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. மாமா குசலம்கூட விசாரிக்காமல் நோட்டை நீட்டினார். டாக்டர் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் படித்தார்.

"நாள் தவறாம எழுதியிருக்கீங்க. இவ்வளவு தெளிவாக் கவனிச்சு எடுத்துட்டு வந்த பெத்தவங்களை நான் பார்த்ததில்ல."

மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "என் கண்ணுல இருந்து எதுவும் தப்பாது டாக்டர்."

"ஆனா இதுல எழுதியிருக்கிறது திமிரும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. கவனக் குறைபாடா இருக்கலாம்னு தோணுது. ஓடி ஆடிக் கலாட்டா பண்ற பிள்ளைங்கன்னா எல்லாரும் சட்டுனு கண்டுபிடிச்சுடுவாங்க. சத்தம் போடாம உக்காந்திருக்கிற பிள்ளைங்கதான் மாட்டிக்கிறாங்க. மறதி, பாதியில விடுறது எல்லாம் அதுல வரும். இந்தத் தவளையும் வரும். பிடிச்சதுல இறங்கிட்டா அவங்களால வெளியே வர முடியாது."

"ஆக, குறை இருக்குன்னு நீங்களே சொல்றீங்க" என்றார் மாமா, வழக்கில் ஜெயித்தவர் மாதிரி. "குறை இருந்தா நாங்க வரிசையில விட மாட்டோம். எடுத்துடுவோம்."

"எடுத்து என்ன செய்வீங்க?"

"உடைச்சு மறுபடியும் உலையில போடுவோம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அக்கா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மாமா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முழித்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. நன்றாக வேண்டும் இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன்.

டாக்டர் ஒரு படிவத்தை எடுத்தார். "ஒண்ணு தெரியணும். இது சின்ன வயசுலயே இருந்ததா? பன்னிரண்டு வயசுக்கு முன்னாடியே இருந்ததுன்னா, மேற்கொண்டு சோதிக்கணும், அதுவரைக்கும் படிப்பை நிறுத்தக் கூடாதுன்னு நான் கடிதம் தர முடியும். இப்பதான் வந்ததுன்னா வேற காரணம் தேடணும். அப்ப இந்தக் கடிதத்துக்கு இடமில்ல."

"முன்னாடியெல்லாம் நல்லாத்தான் இருந்தா" என்றார் மாமா. "செல்போன் வந்த பிறகுதான் இப்படி."

அக்காவுக்கு எதுவும் நினைவில்லை. பழைய மதிப்பெண் அட்டைகளில் வருஷா வருஷம் "அமைதியான பெண்" என்று மட்டும் எழுதியிருந்தது. டாக்டர் பேனாவை மூடப் போனார்.

"பதினோரு வயசுல சொன்னேன்" என்றாள் அக்கா மகள்.

"யார்கிட்டம்மா?"

"சித்திகிட்ட."

என்மேல் பழி போடும் குரல் இல்லை அது. சாவி எங்கே என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். மாமா என் பக்கம் திரும்பினார். "தப்பிக்கிறதுக்கு எதையாவது அளப்பா. அப்படி ஏதாவது சொன்னாளா என்ன?"

ஞாபகமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருந்தது. வெட்கமாக இருந்தது.

"சொன்னா டாக்டர். வகுப்புல டீச்சர் பேசுறது, ஃபேன் ஓடுறது, பக்கத்துல பென்சில் சீவுறது எல்லாம் ஒரே அளவுல கேக்குது சித்தி, எதைக் கேக்கணும்னு தெரியலன்னு சொன்னா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"சிரிச்சேன். அப்புறம் வீட்டுல எல்லார் முன்னாடியும் அவளை மாதிரியே நடிச்சுக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா."

"வயசு பதினொண்ணுதானே? உறுதியாத் தெரியுமா?"

"தெரியும்."

டாக்டர் கடிதத்தை எழுதி மாமா பக்கம் நகர்த்தினார். அவர் கையெழுத்துப் போட்டார். டாக்டர் மறுபடி என்னிடம் வந்தார், படிவத்தில் இன்னும் கொஞ்சம் இடம் பாக்கி இருந்தது.

"அதுக்கப்புறம் வேற ஏதாவது உங்ககிட்ட சொன்னாளா?"

"இல்ல டாக்டர். அதுக்கப்புறம் அவ என்கிட்ட எதையுமே சொன்னதில்ல."