பக்கத்தில் பள்ளிக்கூடம் வேண்டாம்

வீடு தேடுவதைப் போல மனுஷனின் மானத்தை வாங்கும் வேலை வேறு கிடையாது. கையில் இருப்பது இவ்வளவுதான் என்று சொன்னதும் தரகர்களின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! லிஃப்ட் மெக்கானிக்கும் அவன் மனைவியும் அப்படிப் பல முகங்களைப் பார்த்து அலுத்த பிறகு வந்து சேர்ந்த தரகர்தான் 'ஏறக்குறைய'. பெயர் வைத்தது அவள். பஸ் நிறுத்தம் ஏறக்குறைய பக்கம், தண்ணீர் ஏறக்குறைய நாள் முழுக்க, அக்கம்பக்கத்தார் ஏறக்குறைய நல்லவர்கள் என்று வாய் கூசாமல் அடுக்குவார். ஆனால் இல்லாதவர்களிடமும் மரியாதையாகப் பேசுவார். அந்த ஒன்றுக்காகவே அவரைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அவர்கள் முதலில் வீடு தேட ஆரம்பித்தது அவள் வயிற்றில் குழந்தை இருந்தபோது. அப்போது அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும்.

"வீடு தீப்பெட்டி மாதிரி இருந்தாலும் பரவாயில்லங்க. பிள்ளைய பஸ்ல ஏத்தி விட்டுட்டு நான் கடையில உக்காந்து தவிக்க முடியாது."

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவனும் சரி என்றான். மூன்றாவது மாடி, நான்காவது மாடி என்று ஏறி இறங்குகிறபோதெல்லாம் அவள் அவனைச் சீண்டுவாள். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைக்கறவரு, சொந்த வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறப் போறாரு!" அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். நல்ல நாட்கள் அவை.

ஏழாம் மாதத்தில் குழந்தை போய்விட்டது. அவளைப் பிழைக்க வைக்கக் கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டியதாயிற்று. இனிமேல் இல்லை என்பதை டாக்டர் பட்டும் படாமலும் சொல்லிவிட்டுப் போனார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் பாதி ஆஸ்பத்திரியோடு கரைந்தது. வீட்டுப் பேச்சை இருவரும் எடுக்கவே இல்லை. குடியிருந்த வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லியிருக்காவிட்டால் எடுத்திருக்கவும் மாட்டார்கள்.

மறுபடி தேட ஆரம்பித்தபோது பழைய நிபந்தனை ஏறக்குறையவின் நினைவில் அப்படியே இருந்தது. நடந்தது அவருக்குத் தெரியாது. தெரிய வைக்கிற தைரியம் இவர்களுக்கும் இல்லை. முதலில் காட்டிய வீடே ஒரு பள்ளிக்கூடத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரே அறை, ஒரு சமையலறை. அறையின் ஜன்னலைத் திறந்தால் கீழே விளையாட்டு மைதானம். அவர்கள் போய் நின்ற நேரம் பார்த்து மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். என்ன கூச்சல்!

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பின்னாலிருந்து பார்த்தவனுக்கு அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

"வா, போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டான்.

படியிறங்கும்போது அவள் சொன்னாள், "வீடு நல்லாத்தாங்க இருக்கு."

"ரொம்பச் சின்னது. மூச்சு முட்டும்."

மறுநாள் வேலைக்கு நடுவில் தரகருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். "இனிமே பள்ளிக்கூடம் பக்கத்துல எதையும் காட்டாதீங்கண்ணே. சத்தமே கேக்கக் கூடாது. நான் சொன்னேன்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

"சரி தம்பி" என்றார் அவர். அன்று ஒரு தடவைகூட ஏறக்குறைய சொல்லவில்லை.

அதன் பிறகு பார்த்ததெல்லாம் ஊரின் ஓரங்களில். கடைசியில் ஒரு வீடு அமைந்தது. இரண்டு அறை, அகலமான தெரு, ஓய்வு பெற்றவர்களாகக் குடியிருக்கிற பேட்டை. பகலிலேயே ஊசி விழுந்தால் கேட்கும். அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த முதல் வீடு என்னாச்சு?" என்று கேட்டாள்.

"அதே விலைக்கு இங்க ரெண்டு ரூம் கிடைக்குது."

"சரி, உங்க இஷ்டம்."

மனைவி இப்படிச் சொன்னால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற மகா புத்திசாலிகளில் அவனும் ஒருத்தன். வங்கியில் கடன் வாங்கி, பத்திரமும் பதிந்தாயிற்று.

சாவி கொடுக்க வந்த அன்று தரகருக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். "தம்பி கேட்ட மாதிரியே முடிச்சுட்டேன் பாத்தீங்களா. ஏறக்குறைய இந்தப் பக்கம் முழுக்க ஒரு பள்ளிக்கூடம் கிடையாது!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சாவியை வைத்துவிட்டு அவசரமாகக் கிளம்பினார்.

காலி வீட்டில் இருவரும் நின்றார்கள்.

"நீங்கதான் வேணாம்னு சொன்னீங்களா?"

"உனக்குத் தாங்காதுன்னுதான்..."

"எனக்கா? கடையில தினமும் எத்தனை பிள்ளைங்களுக்குக் கண்ணாடி மாட்டி விடறேன்? காதுல அழுத்துதா கண்ணுன்னு கேட்டுக் கேட்டு மாட்டறேன். தாங்கிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"அன்னைக்கு ஜன்னல்ல நின்னு அழுதியே."

"அழுதேன். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் அன்னைக்குத்தாங்க எனக்கு அழுகையே வந்துச்சு. அதுவரைக்கும் கல்லு மாதிரி கிடந்தேன். இந்த வீடுதான்னு முடிவு பண்ணிட்டுத் திரும்பறேன், நீங்க கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டீங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்ல?"

அன்று மாலையே தரகரிடம் ஓடினான். அந்த வீடு கைமாறி நாளாகிவிட்டது என்றார் அவர்.

குடிவந்தார்கள். அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. திட்டித் தீர்த்திருந்தாலாவது அவனுக்கு ஆறியிருக்கும். ஆனால் காலையில் சீக்கிரமாகவே கிளம்ப ஆரம்பித்தாள். கேட்டால், கடையில் வேலை அதிகம் என்பாள்.

ஒரு நாள் காலை, முதலில் பார்த்த வீட்டை ஒட்டியிருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று அவனை அனுப்பினார்கள். மொட்டை மாடியில் இருந்த மெஷின் அறைக்கு ஏறியவன் தற்செயலாகக் கீழே பார்த்தான். பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகளை விட வந்த அம்மாக்களின் நடுவே அவள் நின்றாள். மணி அடித்தது. அம்மாக்கள் கலைந்து போனார்கள். காவலாளி கதவைச் சாத்தும் வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள். பிறகு கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு பஸ் பிடிக்கப் போனாள். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அவளைப் பார்த்தா தன்னை நினைத்தா என்று தெரியாமல் அழுதான்.

மாலையில் அவள் வந்ததும் சொன்னான், "இன்னைக்கு உன்ன அங்க பாத்தேன்."

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். எந்த இடம் என்று கேட்கவில்லை.

"நாளைக்கு நானும் கூட வரட்டுமா?"

அவள் அருகில் வந்து உட்கார்ந்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாங்க. உங்களுக்குத் தாங்காது."

உண்மைதான். தாங்காது என்று அவனுக்கு அந்த முதல் நாளே தெரியும். அதை அவள் தலையில் போட்டுத்தான் இந்த வீட்டை வாங்கியிருந்தான். அவன் கையை அவள் மடியிலேயே விட்டுவைத்தான்.