வயிறு உப்பிய போன்

மேசை சாய்ந்திருந்தது.

தச்சர் மறுபடி குனிந்து பார்த்தார். போன் திரையில் மட்டம் காட்டும் பச்சைக் குமிழி இடப்பக்கம் நழுவி நின்றது. காலையில் அது வலப்பக்கம் நழுவியிருந்தது. ரம்பத்தை எடுத்து உயர்ந்திருந்த அந்தப் பக்கக் கால்கள் இரண்டையும் ஒரு விரல் அகலம் குறைத்தார். இப்போது இப்படி. அவருடைய கைவேலையில் இப்படி ஒரு துரோகம் நடந்ததே இல்லை.

சாயங்காலம் மச்சான் வருகிறார். மனைவியின் அண்ணன். மேசை நாற்காலிக் கடை வைத்திருப்பவர். ஊசி முனையிலும் குறை கண்டுபிடிப்பதால் சொந்தத்தில் அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடி. இந்த மேசையில் ஒரு கோணல் தெரிந்தால் தச்சர் பட்டறையைப் பூட்டிவிட்டுத் தன் கடைக்கு வேலைக்கு வர வேண்டும் என்று போன வாரம் பந்தி நடுவில் சவால் விட்டிருந்தார். தச்சரும் ரோஷத்தில் சரி என்று தலையாட்டித் தொலைத்திருந்தார்.

ரசமட்டம் பரணில் தூசி தின்றுகொண்டிருந்தது. போனிலேயே மட்டம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொடுத்தவரும் மச்சான்தான். ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கி, ஒன்றைத் தங்கை வீட்டுக்குத் தந்த கையோடு.

இடப்பக்கம் அறுத்தார். குமிழி வலப்பக்கம் போனது. வலப்பக்கம் அறுத்தார். இடப்பக்கம். மதியம் ஆனபோது சாப்பாட்டு மேசை முழங்காலுக்கு இறங்கியிருந்தது.

மனைவி தண்ணீர் சொம்போடு வந்தாள். மேசையின் பழைய உயரத்திலேயே சொம்பை விட்டாள். தண்ணீர் மேசைமேல் கொட்டியது.

கொட்டிய தண்ணீர் கொட்டிய இடத்திலேயே குளம் கட்டி நின்றது.

"என்னங்க, தண்ணி எந்தப் பக்கமும் ஓடலையே. அப்புறம் போன் மட்டும் எப்படிச் சாயுது?"

தச்சர் போனை ஒரு விரலால் தட்டினார். அது பம்பரமாகச் சுற்றி நின்றது. தட்டையான பொருள் சுற்றுமா? பல நாளாக இறுகிக்கொண்டே வந்த ரப்பர் உறையை உரித்தார். போனின் முதுகு உப்பி, ஓரம் பிளந்திருந்தது.

போனை ஸ்விட்ச் ஆஃப் செய்து எடுத்துக்கொண்டு, தெருமுனை ரிப்பேர் கடைக்கு ஓடினார்கள். கடைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கெல்லாம் தச்சர் ஆமாம் போட்டார். பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைந்தது, ஆமாம். பழியை சிக்னல் மேல் போட்டிருந்தார். தொட்டால் சுட்டது, ஆமாம். பழி வெயில் மேல். சார்ஜ் நிற்கவே இல்லை, ஆமாம். அதற்குப் பழி, மனைவி பார்க்கும் தொடர் மேல்.

"செட்டிங்ஸ்ல பேட்டரி ஆரோக்கியம்னு ஒரு இடம் இருக்குண்ணே. எண்பது சதவீதத்துக்குக் கீழ வந்தா மாத்த யோசிக்கணும். உப்பிடுச்சுன்னா யோசிக்கவே கூடாது. சார்ஜ் போடாம, அமுக்காம, நேரா கொண்டு வந்துடணும்" என்றாள் அவள், பழைய பேட்டரியைப் பாம்பைப் பிடிப்பதுபோல் வெளியே எடுத்தபடி.

பட்டறைக்குத் திரும்பி ரசமட்டத்தைப் பரணிலிருந்து இறக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம்.

பூதக்கண்ணாடி நேராக மேசைக்கு வந்தார். தன் போனை நடுவில் வைத்தார். போன் சாய்ந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"கோணல், மாப்பிள்ளை. பூட்டு எங்க இருக்கு?"

தச்சர் ரசமட்டத்தைப் பக்கத்தில் வைத்தார். குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது. பிறகு மச்சானின் போனைத் தட்டினார். அதுவும் சுற்றியது.

"உறையைக் கழட்டிப் பாருங்க மச்சான். மெதுவா."

கழற்றினார். முதுகு பிளந்திருந்தது. பூதக்கண்ணாடிக்கு வியர்த்தது.

"இது வெடிக்குமா?"

"அமுக்கினா சொல்ல முடியாது. தெருமுனையில கடை இருக்கு."

அடுத்தவர் கைக்குழந்தையை ஏந்துவதுபோல் போனை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, பூதக்கண்ணாடி தெருவில் பூனை நடை நடந்தார். மேசை எவ்வளவு குட்டை என்பதை அவர் கவனிக்கவே இல்லை.

மனைவி ரம்பத்தை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அண்ணன் திரும்பி வர்றதுக்குள்ள நாலு காலுக்கும் கட்டை ஒட்டுங்க. இதை நான் தர மாட்டேன்."