இரண்டாம் மதிப்பீட்டாளர்

...அவன்தான், வேறு யார், ‘அழகான கட்டுரை, ஆனால் அவசரத்தில் எழுதியது’ என்று எழுத இன்னொருவனுக்கு மனசு வருமா, அவள் பிரிண்டர் முன்னால் நின்றபடியே தன் கட்டுரைக்கு வந்த அந்த ஒன்றரைப் பக்க மதிப்பீட்டை ஏழாவது முறையாகப் படித்தாள், பெயர் இல்லை, இரண்டாம் மதிப்பீட்டாளர் என்று மட்டும், ஆய்விதழ்க்காரர்கள் பெயரை மறைத்துவிட்டால் ஆளும் மறைந்துவிடுவானா என்ன? அவசரமாம். ஒரு குவாண்டம் நிலை எவ்வளவு நேரம் கலையாமல் தாங்கும் என்பதற்கு ஒரு வரம்பு, அதற்காக மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவளுக்கு அவசரமாம். அது அவனுடைய சொல். ஒரே வழிகாட்டியிடம் நாலு வருஷம் ஒரே மேஜையைப் பங்குபோட்டு ஆய்வு செய்த காலத்தில் தினமும் காதில் விழுந்த சொல், ‘உனக்கு எல்லாத்துலயும் அவசரம்’, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும், கல்யாணப் பத்திரிகையை நீட்டினாலும்... இப்போது எதிர் அறையில் இருக்கிறான், மாணவர்கள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் அதே உயரத்தோடு. காலியாக இருப்பது ஒரே பேராசிரியர் பதவி, போட்டியில் இரண்டே பேர், வெள்ளிக்கிழமை தேர்வுக்குழு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நேற்றுகூடப் படிக்கட்டில் ‘கட்டுரை என்னாச்சு?’ என்று கேட்டானே, ஒன்றும் தெரியாதவன் மாதிரி... அந்தக் குரல் கொஞ்சம் அதிகமாகவே சாதாரணமாக இருந்ததே...

கதவைத் தட்டினாளா இல்லையா என்பது நினைவில்லை, உள்ளே நின்றிருந்தாள், அவன் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான், “நீதானே?” என்று தாளை நீட்டினாள். அவன் நின்றபடியே முழுசாகப் படித்தான். “எனக்குத்தான் முதல்ல அனுப்பினாங்க. முடியாதுன்னுட்டேன். ஒரே வேலைக்கு நிக்கிறோம், உன் கட்டுரைய நான் எப்படிப் பாக்கறது?” கணினியைத் திருப்பி மறுப்புக் கடிதத்தைக் காட்டினான், அவள் வெட்கப்படாமல் தேதியைப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது, இருக்கட்டும், மறுத்தவன் தனக்கு வேண்டிய ஆளைக் கைகாட்டியிருக்க மாட்டானா? இவ்வளவு சட்டென்று எடுத்துக் காட்டுகிறானே, தயாராக வைத்திருந்தானோ? “யாரோ எழுதினான், விடு,” என்றான் அவன். “நாலாம் பக்கத்துல ‘எளிதில் காட்டலாம்’னு போட்டிருக்கியாம், அதக் காட்டுன்னு கேக்கறான். காட்டிட்டா அவன் வாய் அடைஞ்சிடும்ல? இந்தா, இப்பவே காட்டேன்.” சாக்பீஸை நீட்டினான்.

என்னை ஆழம் பார்க்கிறான், பார்க்கட்டும் என்று எழுத ஆரம்பித்தாள், முதல் வரி, இரண்டாம் வரி, சமன்பாட்டின் இந்த உறுப்பு பூஜ்யமாகிவிடும், ஆகும், ஆகவேண்டும்... வெப்பநிலை துளி ஏறினாலும் ஆகவில்லை. அழித்தாள், மறுபடி எழுதினாள், திரும்பி அவன் சிரிக்கிறானா என்று பார்த்தாள், சிரிக்கவில்லை, பலகையைத்தான் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தான், அதுதான் தாங்க முடியவில்லை. இந்த இடம் அவளுக்குப் புதிதில்லை. இதே உறுப்போடு இரண்டு நாள் மல்லுக்கட்டினாள், மகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாள் என்று நோட்டை மூடினாள், மறுநாள் காலை உட்கார்ந்ததும் ‘எளிதில் காட்டலாம்’ என்று தட்டச்சு செய்துவிட்டு அடுத்த பத்திக்குப் போனாள்... போனாளா, அவ்வளவு சுலபமாகவா? இல்லை, அந்த இரண்டு சொல்லுக்கு முன்னால் விரல் ஒரு கணம் நின்றது, நன்றாக நினைவிருக்கிறது, நின்றது... அது பூஜ்யமாகாது என்று தெரியாமலா, தெரிந்தேவா?